ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த முதிய தம்பதிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டிய பிறகு, பெற்ற ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுடைய உடன்பிறந்தோரும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் கேள்விகள் இவை. சட்டக் கேள்விகளையும் மனக் கேள்விகளையும் பிரிக்காமல் கலந்தே கொடுத்திருக்கிறேன். அந்த வீடுகளில் அவை அப்படித்தான் வருகின்றன. வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ‘இறந்தவருக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘தாய்’ என்று எழுத வேண்டிய இடத்தில்தான் பல அம்மாக்களுக்குக் கை ஓடாமல் நின்றுவிடுகிறது. நடைமுறைகள் தமிழ்நாட்டில் உள்ளவர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

காரியம் முடிந்த மறுநாளே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முதலில் எதைச் செய்வது?

கெடு உள்ள வேலைகளை மட்டும் செய்யுங்கள். மற்றவை காத்திருக்கும்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் உயிர் பிரிந்திருந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் சொல்லி அலைய வேண்டிவரும். சாலை விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிட வேண்டும். காப்பீடு ஏதும் இருந்தால் முதல் மாதத்திலேயே தகவல் கொடுத்துவிடுவது நல்லது.

வீட்டை விற்பது, ஊரைவிட்டுப் போவது, அறையைக் காலி செய்வது, தம்பி மகன் பேரில் சொத்தை எழுதுவது, முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்டுவது. இவை எதற்கும் எந்த அலுவலகமும் கெடு வைக்கவில்லை. உறவினர்கள்தான் வைக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குச் சொத்துப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வற்புறுத்தினால் ‘வருஷத் திதி முடியட்டும்’ என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

மகனுக்கு எங்கெங்கே பணம் வரவேண்டியிருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது.

அவனுடைய வங்கிப் பாஸ்புக்கில் தொடங்குங்கள். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 436 ரூபாய் ஒருமுறை, 20 ரூபாய் ஒருமுறை பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, இரண்டாவது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய். இரண்டாவது, விபத்தில் இறந்திருந்தால் மட்டும். கணக்குத் தொடங்கிய அன்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பான், அதை வீட்டில் சொல்லத் தோன்றியிருக்காது. கேட்காமலேயே விடப்படும் பணத்தில் இது முக்கியமானது.

வருங்கால வைப்புநிதி பிடித்தம் உள்ள வேலை என்றால் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு: வைப்புநிதித் தொகை, அதனோடு இணைந்த காப்பீடு (அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய்), ஓய்வூதியம். பிள்ளைக்கு மணமாகவில்லை, வேறு யாரையும் நியமிக்கவும் இல்லை என்றால், அவனைச் சார்ந்திருந்த தந்தைக்கும் அவருக்குப் பின் தாய்க்கும் ஓய்வூதியம் கேட்கலாம். பணிக்கொடை பெற ஐந்து வருஷம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி இறப்புக்குப் பொருந்தாது. ‘சேர்ந்து இரண்டு வருஷம்தானே ஆயிற்று’ என்று கம்பெனியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

மகன் சொத்தில் அப்பாவுக்குப் பங்கில்லை என்று வக்கீல் சொல்கிறார். அப்படியும் ஒரு சட்டமா?

அப்படித்தான் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்குத் தாய், மனைவி, பிள்ளைகள் முதல் வகுப்பு வாரிசுகள். இவர்களுக்குச் சமபங்கு. தந்தை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் தந்தைக்கு ஒன்றும் இல்லை. மணமாகாத மகன் என்றால் முழுவதும் தாய்க்கே. கிறிஸ்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு. மனைவியும் பிள்ளைகளும் இல்லாமல் இறந்தால், தந்தை உயிரோடு இருக்கும்வரை அவருக்குத்தான், தாய்க்கு இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் தாய் தந்தை இருவருக்குமே பங்கு உண்டு.

இறந்தது மணமாகாத மகள் என்றால் இந்துச் சட்டத்தில் பெற்றோர் இருவருக்கும் சமம். மணமாகிக் குழந்தை இல்லாத மகள் என்றால் கணவனுக்குப் போகும். ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக அவளுக்கு வந்த சொத்து மட்டும் தந்தை வழிக்கே திரும்பும்.

மகன் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தது அப்பாவாக இருக்கும். அலுவலகத்தில் உங்கள் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்லும்போது அவருக்கு அது பணக்கணக்காகப் படாது. கூடப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

வங்கியில் என்னைத்தான் நியமனதாரராகப் போட்டிருக்கிறான். பணம் எனக்குத்தானே?

பணத்தை வாங்கும் உரிமை உங்களுக்கு, சொந்தம் வாரிசுகளுக்கு. மருமகளும் பேரனும் இருந்தால் அவர்கள் பங்கு அதில் இருக்கிறது. நியமனம் இருக்கும்போது வங்கி வாரிசுச் சான்றிதழ் கேட்டு இழுத்தடிக்கக்கூடாது. உரிய தாள்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அவன் செல்போனை என்ன செய்வது?

ரீசார்ஜ் செய்து வையுங்கள். இது பாசத்துக்காக மட்டும் சொல்வதல்ல. வங்கி, வைப்புநிதி, வருமான வரி எல்லாம் அந்த எண்ணோடுதான் பிணைந்திருக்கின்றன. மூன்று மாதம் போல் பயன்பாடும் ரீசார்ஜும் இல்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். ஒரு வீட்டில் அம்மா தினமும் மாலையில் மகன் எண்ணுக்குப் போன் போட்டு, ‘சுவிட்ச் ஆஃப்’ என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு வைப்பது வழக்கம். ஒருநாள் யாரோ ஒரு பையன் எடுத்து ‘ஹலோ, யாருங்க?’ என்றான். அந்த அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை.

வாட்ஸ்அப் கணக்கும் நான்கு மாதம் போல் திறக்கப்படாமல் இருந்தால் அழிக்கப்படலாம். குரல் பதிவுகளையும் படங்களையும் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள், இரண்டு பிரதியாக. கேட்கும் தைரியம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏடிஎம் அட்டையை மட்டும் தொடாதீர்கள். இறந்தவர் கணக்கில் பணம் எடுத்தால் மற்ற வாரிசுகளோடு பிறகு சிக்கல் வரும்.

அவன் வாங்கிய கடனை நாங்கள் கட்ட வேண்டுமா?

நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை, அவன் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மேல் உங்களைக் கேட்க முடியாது. கிரெடிட் கார்டு பாக்கிக்காகப் போனில் மிரட்டுகிறவர்களிடம் இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பிவிட்டு, எதுவானாலும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கல்விக் கடன் மட்டும் வேறு. அதில் பெரும்பாலும் அப்பா கையெழுத்து இருக்கும். வீட்டுக் கடனோடு காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள்.

என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எப்போதும் ஏதாவது வேலை. அவருக்குப் பாசமே இல்லையா?

இதை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பல வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பது இதுதான். கணவர் தரப்பில் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும்: ‘எந்நேரமும் அதையே பேசி அழுதுகொண்டிருக்கிறாள், என்னால் தாங்க முடியவில்லை.’

நெதர்லாந்தில் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் ஒன்றைச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. சற்றுநேரம் இழப்பிலேயே மூழ்கிக் கிடப்பார், சற்றுநேரம் அதை விட்டு விலகி அன்றாட வேலையில் ஒதுங்குவார், மறுபடி திரும்புவார். இந்த ஊசலாட்டம்தான் இயல்பு. தம்பதிகளின் சிக்கல் எங்கே என்றால், இருவருடைய ஊசலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போவதில்லை. அவர் மின்கட்டணம் கட்டக் கிளம்பும் நேரத்தில் உங்களுக்கு அவன் சட்டை நினைவுக்கு வந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் அசதியில் தூங்கிப்போயிருப்பீர்கள்.

நம் ஊர் ஆண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இழவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது, கட்டிக்கொண்டு அழ இன்னொரு பெண் இருக்கிறாள். ஆணுக்குப் பந்தல்காரனிடம் கணக்குப் பார்க்கும் வேலை கொடுக்கப்படுகிறது. அவர் இன்னும் அந்த வேலையிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடியது ஒன்று. தினமும் ஒரு நேரம், மாலைக் காப்பிக்குப் பிறகு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அப்போது பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் பேசாவிட்டால் உட்கார்ந்து கேட்கட்டும். அந்த நேரம் முடிந்ததும் அவர் எழுந்து போகலாம், நீங்கள் குறை சொல்லக்கூடாது. நான் பார்த்த வரையில் இந்த ஏற்பாடு முதல் வாரம் செயற்கையாக இருக்கும். பிறகு பெரும்பாலும் அவர்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நாங்கள்தான் அவனை அந்த வேலைக்குப் போகச் சொன்னோம். பைக் வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தான்.

பெற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பைக் வாங்கிக் கொடுத்தவர் அதைச் சொல்கிறார், வாங்கிக் கொடுக்காதவர் பஸ்ஸில் அனுப்பியதைச் சொல்கிறார். ‘உங்கள் மேல் தவறில்லை’ என்று மற்றவர்கள் நூறு முறை சொன்னாலும் இது போகாது. நோயால் இறந்த பிள்ளை என்றால், பார்த்த டாக்டரிடமே நேரம் கேட்டுப் போய், ‘இன்னும் முன்னால் வந்திருந்தால்?’ என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலோர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கோபத்தில் ஒருமுறை சொன்னதைப் பத்து வருஷம் கழித்தும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு அவன் வண்டிச் சத்தம் கேட்கிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை. இறந்தவரின் குரலும் காலடியும் கேட்பதாகத் தோன்றுவது துக்கத்தில் சகஜம். பயப்பட வேண்டாம், மாந்திரீகரிடம் ஓடவும் வேண்டாம்.

உடம்பைத்தான் கவனிக்க வேண்டும். கடும் துக்கத்தை ஒட்டி, இதயத் தசை திடீரென்று பலவீனமாகி மாரடைப்பு போலவே வலியும் மூச்சுத்திணறலும் வருவதுண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை அடையாளம் கண்டு, ‘டாகோட்சுபோ’ என்று பெயரிட்டார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கே அதிகம். சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆகவே அம்மா நெஞ்சு வலிக்கிறது என்றால் ‘துக்கத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே இசிஜி எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் காரியம் முடிவதற்குள்ளேயே தவறிப்போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். இந்த வயதில் அது இரவில் பாத்ரூம் போகும் வழியில் விழவைக்கும்.

எத்தனை நாளில் இது தணியும்?

நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகக் கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தை எல்லையாக வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் ஓராண்டு என்றது. இரண்டும் மருத்துவர்களுக்குப் பயன்படும். ஒரே பிள்ளையை இழந்த எழுபது வயதுக்காரரிடம் போய் ‘ஆறு மாதம் ஆகிவிட்டதே’ என்று சொல்வதற்கு அல்ல. நான் பார்ப்பது வேறு: குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா, வாரத்தில் ஒருநாளாவது வாசல் தாண்டுகிறாரா? இவை நின்றுபோனால் இரண்டாவது மாதமே மனநல மருத்துவரிடம் போகலாம். இவை நடக்கிறபோது மூன்றாவது வருஷமும் அழுகிறார் என்றால் அழட்டும்.

இரண்டாவது வருஷம் முதல் வருஷத்தைவிடக் கடினமாக இருப்பதும் உண்டு. முதல் வருஷம் பண்டிகை இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. இரண்டாவது தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் சத்தம் தொடங்கிவிடும். அந்த ஒருநாள் மட்டும் கோயிலூர் ஏதாவதொன்றுக்குப் பஸ் ஏறிவிடுபவர்கள் உண்டு. நல்ல யோசனைதான்.

ஜோதிடர் புத்திர தோஷம் என்கிறார். பரிகாரம் செய்ய வேண்டுமா?

பிள்ளை இருந்தபோது வராத தோஷம் இப்போது எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள். பணத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று ரயிலில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இரண்டு பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இனி பார்க்கவே போவதில்லை என்ற ஆளிடம், ‘ஒரு பையன்’ என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய் இல்லை. ‘எங்கே வேலை?’ என்று அடுத்த கேள்வி வரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இனியும் பழகப்போகிற ஆளிடம், ‘ஒரே பையன், தவறிவிட்டான்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்டவர் பதறுவார். அவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு உங்களுடையதல்ல. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன பல அம்மாக்கள் இரவெல்லாம் தூங்கவில்லை.

அவன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். உடனே காலி செய்தால்தான் மனது ஆறும் என்கிறார் என் தங்கை.

யார் மனது? வைத்திருங்கள். பெட்டியைக் கட்டும் நாள் உங்களுக்கே தெரியும், அல்லது வராமலே போகும். இரண்டும் சரி. ஆனால் ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் காலி செய்யக்கூடாது, நல்லெண்ணத்தில்கூட. துவைக்காத ஒரு சட்டையை முதலிலேயே நெகிழிப் பையில் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். உதவிக்கு வருபவர்கள் முதலில் செய்வது துவைப்பதுதான்.

மகன் வெளிநாட்டில் இறந்தான். பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

பார்க்காத மரணத்தை மனது நம்ப மறுக்கும். விமான நிலையம், வாசல்மணி, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் என்று எங்கும் எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். உடலை அனுப்ப அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்றிதழ், நம் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் ஆகியவை தேவை. இவற்றின் நகல்களை வாங்கி வையுங்கள். அங்கே அவனோடு தங்கியிருந்த நண்பர்கள் ஊருக்கு வரும்போது ஒருமுறை வீட்டுக்கு அழையுங்கள். கடைசி நாளைச் சொல்லச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டான், என்ன பேசினான் என்பதுவரை கேளுங்கள். சொல்லத் தயங்குவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

துக்கம் கேட்கப் போகிறோம். எதைச் சொல்லலாம்?

‘இன்னொன்று பெற்றிருக்கலாமே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இதை நேரிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘நல்லவர்களைத்தான் கடவுள் சீக்கிரம் அழைப்பார்’ என்பதும் வேண்டாம். பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்த வீட்டில் பிள்ளையின் பெயரை உச்சரிக்க எல்லோரும் பயப்படுவதால், அது காதில் விழுந்து மாதக்கணக்காகியிருக்கும். காரியத்துக்கு முன்னூறு பேர் வந்திருப்பார்கள், நாற்பதாவது நாளுக்குப் பிறகு ஒருவரும் இருக்கமாட்டார். அப்போது போங்கள். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்றால் சொல்லமாட்டார்கள். ‘செவ்வாய்க்கிழமை ரேஷன் கடைக்குப் போகிறேன், உங்கள் அட்டையையும் கொடுங்கள்’ என்றால் கொடுப்பார்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அழையுங்கள். வருவதும் வராததும் அவர்கள் முடிவு. மனது சங்கடப்படும் என்று நாமே முடிவு செய்து பத்திரிகை வைக்காமல் விடுவதை அவர்கள் அபசகுனமாக ஒதுக்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது.

இந்த வயதில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா?

மத்திய தத்தெடுப்பு விதிகளில் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டுவயது 85-ஐத் தாண்டக்கூடாது, எட்டு முதல் பதினெட்டு வயதுள்ள பிள்ளைக்கு 110. அவருக்கு 62, உங்களுக்கு 57 என்றால் கதவு மூடிவிட்டது. செயற்கைக் கருத்தரிப்புக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று எல்லை வைத்திருக்கிறது. 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த கடற்கரைத் தாய்மார்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவியதை உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் இளம் பெண்கள்.

தம்பி மகனை ‘ஸ்வீகாரம்’ எடுக்கச் சொல்வார்கள். இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தில், குலவழக்கம் இருந்தாலொழிய, 15 வயது நிறைந்தவரைத் தத்தெடுக்க முடியாது. முப்பது வயது அண்ணன் மகனுக்கு மாலை போட்டு மகன் என்று அறிவிப்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

எங்களுக்குக் கொள்ளி போட யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குள்ளே வேறொரு பயம் இருக்கிறது. ஆளில்லாமல், தெரியாமல் போய்விடுவோமோ என்று. சடங்கைப் பொறுத்தவரை மனைவியோ பங்காளியோ சகோதரி மகனோ செய்யலாம். கயாவில் ஒருவர் தனக்குத் தானே பிண்டம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜாவின் கதை பலருக்குத் தெரியும். பிள்ளையில்லாத அந்த மன்னனுக்கு ஈசனே மகனாக வந்தார் என்பது ஐதீகம். இன்றும் ஒவ்வொரு மாசி மகத்தன்றும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார். அங்கே கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பதி அதன்பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். இன்னொரு தம்பதி அரசு மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு விடைதான்.

சொத்தை இப்போதே யார் பேரிலாவது எழுதிவைத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வார்களே?

பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு என்ன உறுதி? உயில் எழுதுங்கள், செட்டில்மென்ட் பத்திரம் எழுதாதீர்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். செட்டில்மென்ட் பதிவானபிறகு அதை உங்கள் விருப்பப்படி ரத்து செய்வது கடினம். எழுதியே தீர வேண்டுமென்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்போதுதான் கைகொடுக்கும். அதே சட்டப்படி, பிள்ளையில்லாத முதியவர் தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம்.

உயில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அம்மாக்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கணவருக்குப் பின் நீங்கள் காலமானால், நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீடும் இந்துச் சட்டப்படி முதலில் கணவர் வழி உறவினருக்கே போகும். கடைசிவரை உங்களைப் பார்த்துக்கொண்ட உங்கள் தங்கைக்கு அல்ல.

மருமகளுக்கு மறுமணம் பேசுகிறார்கள். பேரனைக் கண்ணில் காட்டுவாளா?

அவளுக்கு முப்பது வயது. அவளும் உங்கள் பிள்ளையைத்தான் இழந்திருக்கிறாள். மறுமணம் செய்தாலும் அவளுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட பங்கு போகாது. குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் அவளே. வழக்குப் போட்டு, பேரனைப் பார்க்க நேரம் வாங்கலாம், ஆனால் நீதிமன்ற வராந்தாவில் மாதம் இருமுறை பார்க்கும் பேரன் உங்களிடம் ஒட்டமாட்டான். நான் பார்த்ததில் நன்றாக முடிந்த வீடு ஒன்றில், மாமியாரே முன்னின்று மாப்பிள்ளை பார்த்தார். இப்போது கோடை விடுமுறைக்குப் பேரனும் வருகிறான், அந்தப் புது மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறார். எல்லாராலும் முடியாது, தெரியும். குறைந்தபட்சம் நகைக்கும் பாத்திரத்துக்கும் சண்டை போடாமல் இருக்கலாம்.

இழப்பீட்டு வழக்கில் ‘பெற்றோருக்கு வயதாகிவிட்டது, குறைவாகத்தான் வரும்’ என்கிறார்கள்.

கணக்கில் எடுக்கப்படுவது இறந்தவரின் வயது, உங்கள் வயது அல்ல. இதை உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கிவிட்டது. மணமாகாதவர் என்றால் வருமானத்தில் பாதியை அவருடைய சொந்தச் செலவாகக் கழிப்பார்கள். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்குப் பெற்றோருக்குத் தனித்தொகை உண்டு என்பதும் 2018 தீர்ப்பு. மனுவில் அது கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையெழுத்துப் போட யார்?

நினைவு இருக்கும்வரை உங்கள் சிகிச்சைக்கு நீங்களே கையெழுத்திடலாம். இருந்தாலும் இரண்டு பேருடைய பெயரையும் எண்ணையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. மகன் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் நீங்கள் இருந்திருந்தால் அது நின்றுவிடும், உடனே கேளுங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் அறிமுகமானது. உங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனை ஏற்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

இனி எதற்காக இருக்க வேண்டும் என்று இருவருமே பேசிக்கொள்கிறோம்.

இதை வெளியே சொன்னது நல்லது. இன்றே இன்னொருவரிடமும் சொல்லுங்கள்: உடன்பிறந்தவரிடம், டாக்டரிடம், அல்லது போனில். 14416 அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. உறவினர்களுக்கு: இருவரும் சேர்ந்தே இப்படிப் பேசுகிறார்கள் என்றால் அதைப் புலம்பல் என்று விடாதீர்கள். ‘சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றிரவு அங்கேயே தங்குங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எங்களைப் போன்றவர்களிடம் பேசினால் பாரம் கூடாதா?

கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரே மருத்துவமனையில் மகன்களை இழந்த இரண்டு தம்பதிகளை அங்கிருந்த இளம் பாதிரியார் ஒருவர் சந்திக்க வைத்தார். தன்னுடைய ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது பலித்ததை அவர் கவனித்தார். 1969-இல் அதிலிருந்து பிறந்த பெற்றோர் சங்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. நமக்குச் சங்கம் தேவையில்லை. உங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி அப்படி ஒரு வீடு இருக்கும், பால்காரருக்கோ கோயில் குருக்களுக்கோ தெரியும். பழக்கமில்லை என்று தயங்காதீர்கள். முதல்முறை போகும்போது பிள்ளையின் போட்டோவை எடுத்துப் போங்கள், அவர்களும் உள்ளே போய் எடுத்துவருவார்கள்.

அவன் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

ஒரு வருஷத்துக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். பங்கு ஈவுத்தொகை, பாலிசி நினைவூட்டல், வருமான வரி நோட்டீஸ் எல்லாம் அப்படித்தான் தெரியவருகின்றன. கடைசியாகச் சம்பளம் வாங்கிய வருஷத்துக்கான வரிக்கணக்கை வாரிசுதான் தாக்கல் செய்ய வேண்டும், பிடித்த வரி திரும்ப வரவும் வாய்ப்புண்டு. அதன்பிறகு வரும் விளம்பரத் தபால்களில் ‘பெறுநர் காலமானார்’ என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிடலாம். எழுத முடியவில்லை என்றால் அவரிடம் வாயால் சொன்னாலும் போதும், அவரே எழுதிக்கொள்வார்.